மணிலாத் தெருவில் மூங்கிற் புட்டு

டிசம்பர் 16ஆம் நாள் தொடங்கி 24ஆம் நாள் முடிய, பிலிப்பைன்ஸ் நாட்டு ஆலயங்களில் கோழி கூவுமுன்பே மணி ஒலிக்கும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆயத்தமாக ஒன்பது விடியற்காலைத் திருப்பலிகளில் அந்நாட்டு மக்கள் பங்குகொள்வர். 'சிம்பாங் காபி' என்பது இவ்வழக்கத்தின் பெயர். இரவு வழிபாடு என்பது பொருள். கதிரவன் எழுமுன் வயலுக்குச் செல்லவேண்டிய உழவர்களை முன்னிட்டு ஸ்பானியர் காலத்தில் ஏற்பட்டது இது. வீடுதோறும் விண்மீன் விளக்குகள் தொங்க, உறங்கும் குழந்தையைத் தோளில் இட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருவார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் ஆலய முற்றத்தில் கனலடுப்புகள் வரிசையாக எரிந்துகொண்டிருக்கும். ஓர் அடுப்பில் மண்சட்டியில் அப்பம் வேகும். மற்றோர் அடுப்பில் மூங்கிற் குழாய்களில் புட்டு வேகும்.

ஆம், புட்டுத்தான். அவர்கள் அதனைப் 'புத்தோ பும்போங்' என்கிறார்கள். பும்போங் என்றால் மூங்கிற் குழாய். செட்டிநாட்டுக் கவுனி அரிசியைப்போலக் கருத்து ஒட்டும் தன்மையுள்ள ஓர் அரிசியை ஊறவைத்து அரைத்து, நீரை வடித்து உலர்த்தி, குழாயில் இட்டு ஆவியில் வேகவைப்பர். வெந்ததும் குழாயைத் தட்டி வாழையிலையில் கொட்டி, வெண்ணெய் தடவி, தேங்காய்த் துருவலும் கரும்புச் சர்க்கரையும் தூவித் தருவார்கள். நம் பாட்டிமார் கயிறு சுற்றிய மூங்கிற் குழாயில் புட்டு அவித்ததைக் கண்ட எவரும் இதனை அயல்நாட்டுப் பண்டம் என்று சொல்லமாட்டார். குழாய் கிடைக்காத வீட்டில் சிரட்டையில் அவித்ததும் நமக்குத் தெரியும்.

பெயரும் முறையும் இவ்வளவு ஒத்திருப்பது எவ்வாறு? மலேயா, ஜாவா நாடுகளிலும் 'புத்து' என்ற பெயரில் மூங்கிற் குழாயில் வேகும் பலகாரம் உண்டு. இலங்கையில் அது பிட்டு. எவர் எவரிடம் கற்றார் என்று அறுதியிட்டுக் கூறுதல் அரிது. ஆயினும் இது தற்செயல் ஒற்றுமை என நான் எண்ணவில்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் பிட்டு விற்றாரைக் காழியர் என்றும், அப்பம் விற்றாரைக் கூவியர் என்றும் சிலப்பதிகாரம் பெயரிட்டுச் சொல்கிறது. மதுரையில் பிட்டு விற்ற வந்திக் கிழவியின் கதையை அறியாத தமிழர் இல்லை. தெருவில் பிட்டு விற்பது நம்மிடையே அத்துணைப் பழைய தொழில். நம் வணிகர் கீழ்க்கடல் கடந்து சென்றதும் பழைய செய்தியே.

இந்தப் பிலிப்பைன்ஸ் தெருவோர உணவுதான் இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. 2019இல் ஆசிய நாடுகளின் தெரு உணவைப் பற்றி நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட தொடரில் பிலிப்பைன்சின் செபு நகருக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அதில் புகழ்பெற்றது பெரிய உணவகம் எதுவும் அன்று. செபுவை அடுத்த கோர்தோவா என்னும் கடற்கரை ஊரில், பாறை இடுக்கில் வாழும் 'பக்காசி' என்ற சிறு விலாங்கு மீனைப் புளிச்சாறாகக் காய்ச்சி விற்ற எளிய கடைதான். உணவகங்களுக்கு விண்மீன் வழங்கும் பிரெஞ்சு நாட்டு மிஷெலின் வழிகாட்டியும் 2025இல் முதன்முறையாகப் பிலிப்பைன்சுக்குள் அடியெடுத்து வைத்தது.

அடிடாஸ் கோழிக்கால்

அந்நாட்டுத் தெருவில் விற்பவை எவை? மீன் சதையையும் மாவையும் கலந்து உருட்டிப் பொரித்த உருண்டைகள். காடை முட்டையைச் செம்மஞ்சள் மாவில் தோய்த்துப் பொரித்த 'குவெக் குவெக்'. சர்க்கரையில் புரட்டிக் குச்சியில் கோத்த வாழைப்பழம். காலையில் இரு வாளிகளைத் தோள்தடியில் தொங்கவிட்டு, 'தாஹோ' என்று நீட்டிக் கூவி வருபவர் விற்கும், சர்க்கரைப் பாகும் சவ்வரிசியும் கலந்த இளஞ்சூடான சோயாப் பாற்கட்டி. குச்சியில் கோத்த அந்தப் பழத்தை நம் தேநீர்க் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் ஏத்தன்பழப் பொரியலுக்கு உடன்பிறப்பு எனலாம்.

மற்றவற்றைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பர். கோழிக் குடலைக் கழுவிச் சுருக்கிக் குச்சியில் கோத்துக் கனலில் வாட்டியது 'இசாவ்'. கோழிக்காலின் மூன்று விரல்கள் காலணி நிறுவனத்தின் மூன்று கோடுகளை நினைவூட்டுவதால் அதற்கு 'அடிடாஸ்' என்று பெயர். உறைந்த இரத்தத்தைச் சதுரமாக வெட்டி வாட்டியதற்கு, பழைய ஒளிநாடாப் பெட்டியின் வடிவை ஒத்திருப்பதால் 'பெட்டாமாக்ஸ்'. பன்றியின் காதுக்கோ 'வாக்மேன்'! வறுமையைக் கேலி செய்து சிரிக்கத் தெரிந்த மக்களால்தான் இத்தகைய பெயர்களைச் சூட்ட முடியும். இறைச்சியின் நல்ல பாகம் செல்வர் வீட்டுக்குச் சென்றபின் எஞ்சியதை வைத்துக்கொண்டு ஏழைகள் கண்ட வழி இது.

இன்று உலக உணவகங்களில் பெருமையோடு பரிமாறப்படும் 'சிசிக்' என்ற பண்டத்தின் வரலாறும் அதுவே. அங்கெலெஸ் நகரத்துக்கு அருகே கிளார்க் என்னும் அமெரிக்க வான்படைத் தளம் இருந்தது. அதன் சமையற்கூடத்தில் பன்றித் தலைகளை வேண்டாமென்று ஒதுக்குவர். அவை மலிவாகக் கிடைத்தன. 1970களில் இருப்புப்பாதை ஓரத்தில் கடை வைத்திருந்த லூசியா குனானன் என்ற பெண்மணி, அந்தத் தலை இறைச்சியை வேகவைத்து, கனலில் வாட்டி, பொடியாக அரிந்து, வெங்காயமும் புளிப்பும் சேர்த்துப் பரிமாறினார். தளம் 1991இல் மூடப்பட்டுவிட்டது. சிசிக் நிலைத்துவிட்டது.

'பலுட்' என்ற வாத்து முட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளே குஞ்சு பாதி உருவான நிலையில் முட்டையை அவித்து, உப்போ காடியோ சேர்த்து இரவு வேளையில் உண்பார்கள். நமக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இனயம் முதல் கடியப்பட்டணம் வரை பாறைகளில் மூழ்கி எடுக்கும் சிப்பியை நாம் சுவைத்து உண்பதைக் கண்டு, உள்நாட்டிலிருந்து வந்த விருந்தினர் திகைத்து நிற்பதையும் நாம் கண்டிருக்கிறோம் அல்லவா?

கடல் கடந்த சுவை

இத்தனை எளிய உணவு உலகப் புகழ் பெற்றது எவ்வாறு? விளம்பரம் செய்தவர் எவருமில்லை. வேலை தேடிப் போனவர்கள் கொண்டுபோனார்கள். 1974இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத்தின் வழியாகப் பிலிப்பைன்ஸ் அரசே தன் மக்களை அயல்நாட்டு வேலைக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அரசின் கணக்கீட்டின்படி 2023இல் அயல்நாடுகளில் பணிபுரிந்தோர் ஏறத்தாழ 21 இலட்சம் பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஐந்தில் ஒருவர் சவுதி அரேபியாவில் இருந்தார். பிறர் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டி, தம் பிள்ளைகளைப் படத்தில் பார்க்கும் தாய்மார்கள் இவர்கள். விடுமுறை நாளில் ஓர் அறையில் நான்கு பேர் கூடினால் ஊர்ப் பலகாரம் செய்யாமல் விடமாட்டார்கள். நாளடைவில் அறையில் செய்தது கடைக்கு வந்தது. கடைக்கு வந்தது அயலாரின் நாவுக்கும் வந்தது.

இந்தச் செய்தி நம் கடற்கரைக்கு அயலானதன்று. அவர்கள் புறப்பட்ட அதே 1970களில்தான் நம் மாவட்டத்து ஆண்களும் வளைகுடா நாடுகளை நோக்கிப் புறப்பட்டார்கள். இனயத்திலும் அதனைச் சூழ்ந்த துறைகளிலும் வளைகுடாவில் ஒருவர் இல்லாத உறவு வட்டம் அரிது. சிலர் அங்கும் மீன்பிடி படகிலேயே வேலை செய்கின்றனர். சிலர் கட்டடத் தொழிலில், சிலர் சரக்குக் கப்பலில். எங்கு சென்றாலும் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் நாட்டவர். ஞாயிறு கடனை நிறைவேற்றச் சென்றால் பக்கத்துப் பீடத்தில் முழங்காலிடுபவரும் அவரே.

1967இல் அமைந்த துபாய் மரியன்னை ஆலயத்தில் தமிழிலும் தகலாக் மொழியிலும் திருப்பலி உண்டு. அந்நாட்டில் வார விடுமுறை வெள்ளியன்று இருந்த காலம் முழுவதும், அதாவது 2022 வரை, கூட்டம் நிரம்பி வழிந்த நாள் வெள்ளியே. டிசம்பர் வந்தால் அங்கும் ஒன்பது நாள் சிம்பாங் காபி. வேலை நேரத்தை முன்னிட்டு மாலையிலும் நடத்துவர். 2019 டிசம்பர் 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், உரோமையில் வாழும் பிலிப்பைன்ஸ் மக்களுக்காகத் தூய பேதுரு பேராலயத்தில் இத்திருப்பலியைத் தாமே நிறைவேற்றினார். அந்நாட்டுப் பெண்கள் எங்குச் சென்றாலும் விசுவாசத்தைக் கடத்துபவர்களாக இருக்கிறார்கள் என்று அவர் பாராட்டியதுண்டு. விசுவாசத்தோடு அப்பச் சட்டியையும் கடத்தினார்கள் என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

சென்னைச் சிப்பாய்களின் ஊர்

இங்கே வரலாற்றில் ஒரு சிறு கிளைக்கதை உண்டு; பலரும் அறியாதது. 1762இல் ஆங்கிலேயர் ஸ்பானியரிடமிருந்து மணிலாவைக் கைப்பற்றப் படை அனுப்பினர். அப்படை புறப்பட்ட துறை நம் சென்னைப் பட்டணம். வில்லியம் டிரேப்பர் தலைமையில், வெள்ளைக்கார வீரரோடு சென்னைச் சிப்பாய்கள் சில நூற்றுவரும் கப்பலேறினர். அவர்களுள் தமிழரும் தெலுங்கரும் இருந்திருத்தல் வேண்டும். அவ்வாண்டு அக்டோபரில் மணிலா வீழ்ந்தது. 1764இல் ஆங்கிலேயர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினர். ஆனால் சிப்பாய்களுள் ஒரு பகுதியினர் கப்பலேறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் தங்கி, அவ்வூர்ப் பெண்களை மணந்து, அம்மக்களோடு கலந்துவிட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அவ்வூரில் உள்ளனர்.

மாட்டு வாலையும் காய்களையும் வேர்க்கடலைக் குழம்பில் வேகவைக்கும் 'கரே கரே' என்ற பிலிப்பைன்ஸ் உணவு, இச்சிப்பாய்கள் கறிக்கு ஏங்கிக் கிடைத்ததை வைத்து ஆக்கியதே என்பர் சிலர். கறி என்ற நம் சொல்லே அதில் இருக்கிறது என்பது அவர்கள் கூற்று. வேறு விளக்கம் தருவாரும் உண்டு. எது எவ்வாறாயினும், அந்தக் கைந்தா ஊர் இன்று அரிசிப் பலகாரங்களுக்கும், சிறப்பாகப் 'பிபிங்கா' அப்பத்துக்கும் பெயர்பெற்றது என்பதை அறியும்போது மனம் சற்று நின்றுதான் நகர்கிறது. பிபிங்கா என்ற பெயரும் ஊர் சுற்றிய பெயரே. கோவாவில் பெபிங்கா உண்டு. இலங்கையில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பிபிக்கன் செய்வர். பண்டங்கள் வேறு வேறு. பெயர் மட்டும் ஒரே குடும்பம்.

அவர்களையும் நம்மையும் இணைப்பது புட்டு ஒன்றே அன்று. 1521இல் மகெல்லன் அத்தீவுகளில் இறங்கினார். அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று அங்கு முதல் திருப்பலி நிறைவேறியது. 23 ஆண்டுகள் கழித்து, 1544இன் இறுதியில், புனித சவேரியார் நம் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து, ஒரே மாதத்தில் பதினாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் அளித்தார். மறை வந்த அதே கப்பல்கள் செடிகளையும் கொணர்ந்தன. மெக்சிக்கோவிலிருந்து மணிலாவுக்கு 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் அங்கே மிளகாயையும் மரச்சீனியையும் இறக்கின. இங்கே போர்த்துக்கீசியர் இறக்கினர். ஆகவேதான் அவர்கள் தெருவில் மரச்சீனி அடை விற்கிறது. நம் வீட்டில் கிழங்கும் மீனும் வேகிறது.

மரச்சீனி நம்மைக் காத்த கதையை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். 1880 முதல் 1885 வரை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதன் சாகுபடியை ஊக்கினார். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, மக்கள் உயிர் தரித்தது அக்கிழங்கினால்தான். இந்தக் கிழங்கை மயக்கி, தேங்காய் அரைத்த சாளைக் குழம்பு ஊற்றித் தருவதைவிடச் சிறந்த தெருவோர உணவு மணிலாவில் இருக்கிறதா என்று எனக்கு ஐயம். ஆனால் அதை விருந்தினர்முன் வைக்க நம் பிள்ளைகள் கூசுகிறார்கள். 'கிழங்கா?' என்று கேட்கும் குரலில் ஏழ்மையின் நினைவு இருக்கிறது. வளைகுடாவிலிருந்து திரும்பும் மகனுக்குக் கோழி பிரியாணி ஆக்குகிறோம். அவனோ இரண்டு ஆண்டுகளாகக் கிழங்குக்கும் நெத்திலிக்கும் ஏங்கி வந்திருக்கிறான்.

ஏழையின் உணவைத் தெருவில் வைத்தே தலைநிமிர்த்திய மக்கள் தமிழரிடையேயும் உண்டு. 1962இல் பர்மாவில் படைத்தலைவர் நே வின் ஆட்சியைப் பிடித்து, தொழில்களையும் கடைகளையும் நாட்டுடைமை ஆக்கியபின், பல்லாயிரம் தமிழர் கையில் ஒன்றுமின்றிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். அவர்களுக்காக 1969இல் பர்மா பசார் ஏற்பட்டது. அவர்கள் தள்ளுவண்டியில் விற்ற 'அத்தோ' நூடுல்சும், வாழைத்தண்டு இட்ட 'மொய்ங்கா' குழம்பும் இன்று சென்னைக் கடற்கரை இரயில் நிலையப் பகுதியின் அடையாளங்கள். அகதியின் பசிக்கு ஆக்கியது, நகரத்தின் விருப்பமாயிற்று.

வீட்டில் செய்வோருக்கு

பிபிங்கா அப்பத்தை நம் இல்லத்தரசியர் எளிதில் செய்யலாம். பச்சரிசியை இரவில் ஊறவைத்து நைய அரைத்து, கெட்டித் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் அடித்த முட்டையும் சிறிது உப்பும் சேர்க்க வேண்டும். மாவு தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாக இருக்கட்டும். பொங்குவதற்கு அங்கே இப்போது பேக்கிங் பவுடர் சேர்க்கின்றனர். வட்டயப்ப மாவைப் புளிக்கவைத்துப் பழகியவர் அவ்வாறே செய்யலாம். வாழையிலையைத் தணலில் வாட்டி மண்சட்டியில் விரித்து, மாவை ஊற்றி, மூடியின் மேலும் கீழும் கனல் இட வேண்டும். அடுப்பு அறியாத காலத்தில் நம் வீடுகளில் கேக் செய்த அதே முறைதான். பாதி வெந்ததும் உப்பிட்ட வாத்து முட்டைத் துண்டுகளை மேலே வைப்பார்கள். வாத்து முட்டையை உப்பும் களிமண்ணும் கலந்த சேற்றில் இரண்டு மூன்று வாரம் பொதிந்து வைத்து, பின் அவித்து, சாதாரண முட்டையோடு கலந்துவிடாதிருக்க ஓட்டுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவது அவர்கள் வழக்கம். நமக்கு முட்டை இல்லாவிட்டாலும் குறையில்லை. வெண்ணெயும் தேங்காய்த் துருவலும் போதும். இலை கருகும் மணம் அப்பத்தில் ஏறவேண்டும், அதற்காகவே வாழையிலை. தட்டில் வெண்ணெய்த்தாள் விரித்தால் அப்பம் கிடைக்கும், பிபிங்கா கிடைக்காது.

தெருவில் விற்போர் கவனிக்கவேண்டிய ஒன்றும் அங்கிருந்து கற்கத்தக்கது. மீன் உருண்டையைத் தோய்த்து உண்ணும் காடியும் இனிப்புச் சாறும் முன்பெல்லாம் பொதுச் சாடியில் இருக்கும். எல்லாரும் கடித்த குச்சியையே மீண்டும் தோய்ப்பார்கள். மஞ்சட் காமாலை போன்ற நோய்கள் பரவ இது வழி என்று கண்டபின், பலரும் சாற்றைத் தனிக் குவளையில் ஊற்றித் தரத் தொடங்கினர். நம் திருவிழாக் கடைகளில் ஒரே வாளி நீரில் நூறு தட்டு கழுவுவதைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வருகிறது. கோட்டாறு சவேரியார் திருவிழாவானாலும் நம் பங்குத் திருவிழாவானாலும், பத்து நாளும் கடை போடும் எளியவருக்கு நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்றைப் பங்குப்பேரவை ஏற்பாடு செய்து தருவது பெரிய செலவன்று. 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம் அவர்களுக்குத் தொழில் செய்யும் உரிமையை உறுதி செய்திருக்கிறது; அவர்களோ பெரும்பாலும் அச்சட்டம் இருப்பதையே அறியார்.

புகழ் வந்ததால் பிலிப்பைன்ஸ் புட்டுக்கு நேர்ந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். அதற்கு நிறம் தந்த 'பிருருத்தோங்' என்ற கருநெல் விளைவு குறைவானது, அறுவடைக்கு நெடுநாள் எடுப்பது. விலையேறி அரிதாகிவிட்டதால், மணிலாவின் பல கடைகளில் இப்போது வெள்ளைப் பசையரிசி மாவில் ஊதாச் சாயமோ வள்ளிக்கிழங்குப் பொடியோ கலந்து குழாயில் இடுகிறார்கள். பழைய அரிசியின் சுவையை அறிந்த கிழவிகள் ஒரு வாய் உண்டதும் கண்டுபிடித்துவிடுவார்களாம். குழாயும் பல இடங்களில் மூங்கிலாக இல்லை. நம் வீடுகளில் அலுமினியக் குழாய் வந்து ஆண்டுகள் பல ஆயின. கயிறு சுற்றிய மூங்கிற் குழாயைத் தேடினால், ஊரில் ஏதேனும் ஒரு வீட்டுப் பரணில் இன்னும் கிடைக்கக்கூடும்.